தூக்கமும் இரண்டு இட்லியும்

ஜூலை 7, 2025, திங்கள்

பள்ளியில் உயரமும் எடையும் எடுத்திருக்கிறார்கள். மகனுக்கு ஒன்பது வயது, 41 கிலோ. அந்தச் சீட்டை நான்காக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தான். "அம்மா, நாளையிலேர்ந்து எனக்கு ரெண்டு இட்லி போதும்." நெஞ்சை அடைத்தது.

ஜூலை 9, புதன்

குழந்தை மருத்துவரிடம் போனோம். என்னென்ன சாப்பிடுகிறான் என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் முதலில் கேட்டதோ, "எத்தனை மணிக்குத் தூங்குறான்?"

கடையைச் சாத்திவிட்டு இவர் வர 10 ஆகும். அப்பாவோடுதான் சாப்பிடுவான். அப்புறம் கொஞ்ச நேரம் செல்போன். படுக்க 11. காலை 6 மணிக்கு எழுப்பினால்தான் வேனைப் பிடிக்க முடியும். ஏழே மணி நேரம். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது வேண்டும், 12 மணி நேரம் வரைகூடப் போகலாம் என்றார் மருத்துவர். குறட்டை உண்டா என்றும் கேட்டார். மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டு சதையோ தொண்டையிலிருக்கும் டான்சிலோ பெருத்திருந்தால் இரவெல்லாம் தூக்கம் முறிந்துகொண்டே இருக்குமாம். நல்லவேளை, இவனுக்கு அது இல்லை.

ஜூலை 10, வியாழன்

இரவு 10:40. சமையலறையில் சின்னச் சத்தம். முறுக்கு டப்பாவை வயிற்றோடு அணைத்து, மூடி சத்தம் போடாமல் மெல்லத் திருகிக்கொண்டிருந்தான். போன வாரமாக இருந்தால் திட்டியிருப்பேன்.

அவன் தூங்கியபின் தேடிப் படித்தேன். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 37 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு, 2013-ல் வந்தது. ஒரு வாரம் வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் ஒன்றரை மணி நேரம் குறைவாக. கூடுதலாகத் தூங்கிய வாரத்தில் பிள்ளைகள் நாளுக்குச் சுமார் 134 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். குறைத்துச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

134 கலோரி என்றால் இரண்டு மூன்று இட்லி. என் பிள்ளை தன் தட்டிலிருந்து எடுத்து வைத்த அதே இட்லி. தூக்கத்தால் மட்டுமே எடை இறங்கிவிடாது, தெரியும். ஆனால் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு தட்டைக் குறைப்பது அநியாயம். அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

இனி 7:30-க்குச் சாப்பாடு, 9 மணிக்கு விளக்கணைப்பு. மாமியார் தானாகவே சீரியலின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். கஷ்டம் வேறு இடத்தில்தான். அப்பாவோடு அவனுக்குக் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம். அதை எப்படிப் பறிப்பது? "காலையில நான் பார்த்துக்குறேன்" என்றார் இவர். எழுப்புவது, குளிப்பாட்டுவது, கூட உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் இனி அவர் பொறுப்பு.

ஜூலை 21, திங்கள்

முதல் நான்கு நாள் விழித்தே கிடந்தான். "அப்பா வந்துட்டாங்களா?" என்று இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் முன்னுக்கு இழுத்தது என் தப்பு. மறுபடி 10:30-லிருந்து தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் குறைக்கிறோம். இன்று 10 மணிக்குத் தூங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில் அலைந்த அலைச்சலில் 8:30-க்கே கண் சொக்கிவிட்டது. எடை பார்க்கவில்லை, மூன்று மாதம் பார்க்கப்போவதும் இல்லை. காலை 5:50-க்கு இவர் எழுப்பப் போனபோது, எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தானாம்.

இரண்டு இட்லி வைத்தேன். "இன்னொண்ணு வேணும்மா" என்றான். வைத்தேன்.