தங்கச்சிமடம்: திருவருகைக் கால நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

புயல் நேற்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்துவிட்டது என்றாலும் இங்கே காற்று இன்னும் அடங்கவில்லை. சவுக்குக் கொப்புகளை வளைத்துக் கட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கும் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற, ஊதா மெழுகுவர்த்தி மூன்றையும் ரோஜா நிறத்தில் ஒன்றையும் நட்டோம். அம்மா முதல் திரியை ஏற்றினார். "நாலையும் இப்பவே ஏத்தினா என்னம்மா?" என்று சின்னவன் கேட்டான். இவனைப் போலவே பண்டிகை எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காகத்தான், 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் விஹர்ன் என்ற லூத்தரன் போதகர் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார் என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. அந்தச் சக்கரம் எந்த வண்டியினுடையது என்று தெரிய வேண்டுமாம்.

அம்மாவின் பரிசோதனை முடிவு பற்றி மதுரையிலிருந்து தகவல் எதுவும் இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

பிடி அரிசிப் பானையைக் கழுவிக் காயவைத்தேன். உலை வைக்கும் முன் வீட்டில் ஒருவர் ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போட வேண்டும். நிறைவதை, தொழிலுக்குப் போக முடியாமல் கிடக்கும் வீடு ஒன்றுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். இன்று அம்மா போட்டார். அவருடைய கை எவ்வளவு சிறுத்துவிட்டது என்பதை அந்தப் பிடியில்தான் பார்த்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

புனித சவேரியார் திருநாள். தீப்பெட்டிகளை ஒட்டி நான் செய்த நாள்காட்டியில், இன்றைய பெட்டிக்குள் "நம் கரையின் கதை ஒன்றைச் சொல்" என்ற சீட்டு இருந்தது. சவேரியார் 1542-இல் இந்தியாவுக்கு வந்து முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்ததையும், அவருக்குப் பின் இந்தக் கரையில் பணியாற்றிய அந்தோனி கிரிமினாலி என்ற இயேசு சபைக் குரு 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்டதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மதுரைக்குப் போகும்போதெல்லாம் பேருந்து வேதாளையைத் தாண்டித்தான் செல்கிறது. சென்ற முறை அம்மா அந்த இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 6, வெள்ளி

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

இரண்டாம் மெழுகுவர்த்தி. அமல உற்பவ அன்னை பெருவிழா இந்த ஆண்டு ஞாயிற்றில் விழுந்ததால் நாளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. மாதாவுக்குரிய ஜெபமாலையை இன்றே சொல்லி முடித்துவிட்டார்.

டிசம்பர் 12, வியாழன்

விடியும் முன் தொடங்கிய மழை விடவே இல்லை. இன்றைய சீட்டு "நோயாளி ஒருவரைப் பார்த்து வா" என்றது. இதை அக்டோபரில் எழுதியவள் நான்தான்; அப்போது இந்த வீட்டில் நோயாளி என்ற சொல்லுக்கு இடமே இருக்கவில்லை. மூத்தவள் சீட்டைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பாட்டியின் கட்டிலில் போய் உட்கார்ந்து அவருடைய நகங்களை வெட்டிவிட்டாள். கைபேசியை நாளெல்லாம் என் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

மகிழ்ச்சி ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவர்த்தி. கீழக்கரையிலிருந்து தோழி தொதல் கொண்டுவந்தாள். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் நெடுநேரம் கிண்டிக் கிண்டி இறுகிய அந்தக் கறுப்பு மினுமினுப்பைப் பார்த்ததும் அம்மா ஒரு வில்லை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு எல்லோரும் சேர்ந்து குடிலுக்குப் புல் விதைத்தோம். இரவெல்லாம் ஊறிய கேழ்வரகைத் துணியில் வடித்து, சிரட்டைகளில் மணலும் சாணத்தூளும் கலந்து நிரப்பி, மேலே தூவி, ஈரச் சாக்கால் மூடிவைத்தோம். "நல்ல சேதி வரும்" என்று தோழி என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். நானும் அப்படியே நம்புகிறேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

தெருமுனையில் குடில் கட்டி, குழந்தை இயேசுவை இப்போதே கிடத்திவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இன்று முதல்தான் மாலைச் செபத்தில் "ஓ ஞானமே" என்று தொடங்கி, நாளுக்கு ஒரு பெயரால் வரப்போகிறவரை அழைக்கிறோம். வந்து படுத்திருப்பவரை எப்படி வா என்று அழைப்பது? தீவனத்தொட்டி வெறுமையாகக் கிடக்கும் நாள்கள் வேண்டும், அவற்றைத் தாங்கவும் வேண்டும். இதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். "உன் வீட்டுக் கவலைல பேசுற தாயி" என்றார். கவலை இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முளை விட்டிருக்கிறது.

டிசம்பர் 20, வெள்ளி

தங்கை சென்னையிலிருந்து வந்தாள். புதிய பாம்பன் பாலம் திறக்கப்படாததால் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தாள். மாலையில் அச்சு முறுக்கு சுட்டோம். அச்சை முதலில் எண்ணெயிலேயே காயவிட்டு, பிறகு மாவில் முக்கால் ஆழம் மட்டும் தோய்க்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. அம்மா நாற்காலியில் இருந்தபடியே "ஆழம், ஆழம்" என்று எங்களை அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் பழைய குரலாகவே இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

நான்காம் மெழுகுவர்த்தி. தனுஷ்கோடி அழிந்து இன்றிரவோடு 60 ஆண்டுகள் ஆகின்றன. 1964-இல் இதே இரவில் கடல் ஏறி வந்தபோது அம்மாவுக்கு ஏழு வயது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன அதே இரவு. அந்த ஆண்டு நான்காம் ஞாயிறு கழிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, வீட்டில் குடில் கட்டி முடித்திருந்தார்கள் என்பதற்கு மேல் அவர் எதையும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றும்போது இறந்தவர்களின் பெயர்களைத் தாழ்ந்த குரலில் சொன்னார். இந்த ஆண்டு ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் மூச்சு வாங்க நிறுத்தினார். பிடி அரிசிப் பானையைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

டிசம்பர் 23, திங்கள்

மதுரையிலிருந்து அழைத்தார்கள். முடிவு வந்துவிட்டதாம், தொலைபேசியில் சொல்ல இயலாது, அம்மாவை அழைத்துக்கொண்டு நாளைக் காலை வர வேண்டும் என்கிறார்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். குழந்தை இயேசுவின் சுரூபம் அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றியிருக்கிறது, நாங்கள் வரும்வரை எடுக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். விடியற்காலை நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகளை இன்னும் தேடி எடுக்கவில்லை.