கூடத்துச் சுவரில் ஜானகி அம்மாள்

நம் பள்ளியின் விழாக் கூடத்தில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. நிறுவனர், கொடையாளர்கள், தேசத் தலைவர்கள் என்று எல்லோரும் மாலைக்குத் தயாராக நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேடைக்கு இடப்பக்கம் இருந்த எண்ணெய் வண்ண ஓவியத்தில் இருந்தவர் மட்டும் வேலையில் இருந்தார். மேசைமேல் பித்தளை நுண்ணோக்கி, அதன் திருகில் வலது கை, அருகே திறந்த நோட்டு. கீழே தகட்டில் 'டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள், தாவரவியல் விஞ்ஞானி' என்று எழுதியிருக்கும். அந்தச் சுவரில் வேறு பெண் கிடையாது.

வரைந்தவர் நம் டிராயிங் வாத்தியார். அவருக்குக் கிடைத்தது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான். சேலைக்கு என்ன நிறம் தீட்டுவது என்று நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டிருக்கிறார். "நிறம் எதுவானாலும் சரிங்க, கை மட்டும் வேலை செய்யற கையா இருக்கோணும்" என்றாராம் டீச்சர். அப்புறம் டீச்சரையே ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்துக் கையை வரைந்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் திருகைப் பிடித்திருக்கும்; சுண்டுவிரல் மேசையில் ஊன்றியிருக்கும். நுண்ணோக்கியைத் தொட்டுப் பழகிய யாருக்கும் அந்த ஊன்றல் எதற்கென்று தெரியும். பெரியவர்களின் படங்களில் பட்டத்தையும் பதக்கத்தையும்தான் தீட்டுவார்கள். இதில் வேலையைத் தீட்டியிருந்தார். அதனாலேயே இது நல்ல ஓவியம் என்பது என் கணிப்பு.

பின்னணியில் ஜன்னலுக்கு வெளியே பூத்த கரும்பு. எங்கள் அப்புச்சிக்கு அது ஆகவே ஆகாது. பூத்துவிட்டால் கரும்பு நெட்டியாகி எடை போய்விடும் என்பார். கவுந்தப்பாடிச் சந்தைக்கு நாட்டுச் சர்க்கரை கொண்டுபோகிற குடும்பம், வேறு எப்படி நினைக்கும்? டீச்சரிடம் இதைக் கேட்டேன். "அந்தப் பூவுக்காகத்தான் கண்ணு கோயமுத்தூர்ல ஆராய்ச்சி நிலையமே வெச்சாங்க" என்றார். கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதற்கு அதுதான் காரணம். தடித்த இனிப்புக் கரும்பையும் ஆற்றோரக் காட்டுக் கரும்பையும் இனக்கலப்பு செய்து அந்த நிலையத்து விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய 'கோ 205' 1918இல் வெளியானது. அப்புச்சி நட்ட கரணையும் கோயமுத்தூரின் பெயர் தாங்கிய அந்தக் 'கோ' வரிசையில் வந்த கோ 419தான்.

தலச்சேரியில் 1897இல் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவரான ஜானகி அம்மாள், 1934 முதல் 1939 வரை அந்தக் கோவை நிலையத்தில் வேலை பார்த்தார். கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். கரும்போடு மக்காச்சோளத்தையே கலந்து பார்த்தார். சர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியில் 1935இல் உறுப்பினரானார். எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரில் ஒரு பெண் இதையெல்லாம் செய்தார் என்பதை எனக்குச் சொன்னது பாடப்புத்தகம் அல்ல, அந்தப் படம்தான். தாவரவியல் படிக்கிறேன் என்று வீட்டில் அடம்பிடிக்க எனக்குத் தைரியம் வந்ததும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான்.

1939இல் மரபியல் மாநாட்டுக்கு எடின்பரோ வந்தவர், போர் மூண்டதால் இங்கே பிரிட்டனிலேயே தங்கினார். மரபியல் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டார். அதன்பின் லண்டனுக்கு அருகே உள்ள விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா என்ற பூமரங்களை ஆராய்ந்தார். வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு மக்னோலியா ரகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. லண்டன்வாசிகள் மார்ச் மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஊருக்குப் போனபோது ஓவியத்தைப் பார்த்து மனம் கலங்கிவிட்டது. மேல்பூச்சான வார்னிஷ் பழுத்து, கரும்புப் பூவே தெரியவில்லை. மழை ஒழுகிய மூலையில் துணி தளர்ந்து வண்ணம் செதிலாக எழும்புகிறது. யாராவது நல்லெண்ணத்தில் ஈரத்துணியால் துடைத்தாலோ, எனாமல் பெயிண்டால் திருத்தினாலோ எல்லாம் போய்விடும். எண்ணெய் ஓவியங்களைச் சீரமைக்கத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். இவ்வாண்டு நிதியில் முதல் செலவாக இதை எடுத்துக்கொள்ளும்படி நம் முன்னாள் மாணவர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கூடத்தில் எடுத்த பழைய குழுப் படம் வைத்திருப்பவர்கள் அனுப்பி உதவுங்கள். பின்சுவரில் ஓவியம் ஓரமாக விழுந்திருந்தாலும் போதும், சீரமைப்பவருக்கு அசல் நிறம் பிடிபடும்.