எரேமியாவின் கடிதமும் எங்கள் வாடகை வீடும்

இந்த நாட்டுக்கு வரும்போது என் கணவர் கையில் வேலைக்கான கடிதம் இருந்தது. அதை நம்பித்தான் இருந்ததை எல்லாம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். வாடகை வீட்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே அந்த வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனத்தில் ஏதோ மாற்றமாம், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. என் பட்டம் இங்கே செல்லாது, மறுபடியும் தேர்வு எழுத வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. புலம்பெயர்ந்த பலருக்கும் இது தெரிந்த கதைதான். எப்படியோ சமாளித்திருப்போம்.

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த காலத்தில் அப்பா இறந்துபோனார். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்ற நிலை. அடக்க ஆராதனையை கைபேசித் திரையில் பார்த்தேன். நடுவில் இணைப்பு போய்விட்டது. மறுபடி வந்தபோது எல்லோரும் கல்லறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபித்துத்தான் வந்தோம். எங்களுக்காக முழங்காலில் நின்று ஜெபித்து அனுப்பியவரே அப்பாதான். பிறகு ஏன் இப்படி? அந்தக் கேள்வியோடு நாளெல்லாம் நடந்தேன், சமைத்தேன், தூங்காமல் படுத்திருந்தேன்.

பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. “எல்லாம் நன்மைக்குத்தான்” என்றார்கள். “இதைவிடப் பெரிதாக ஏதோ வைத்திருக்கிறார்” என்றார்கள். வீட்டில் ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. அன்பினால் சொன்னார்கள் என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேதத்தில் ரோமர் 8:28ஐ எடுத்துச் சொன்ன யாரும் அதற்கு இரண்டு வசனம் முன்னால் இருப்பதைச் சொல்லவில்லை. என்ன ஜெபிப்பது என்றே நமக்குத் தெரியாதபோது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்கும் முன்னால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற அந்த நம்பிக்கையை, அந்த நிருபத்தை எழுதிய பவுல் இந்தப் பெருமூச்சுக்கு நடுவில்தான் வைத்தார். அந்த வசனம் எனக்கு வேண்டும், ஆனால் பெருமூச்சோடு சேர்த்துத்தான் வேண்டும்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். எங்களுக்குப் பல வருடங்கள் முன்பே இங்கே வந்தவர். அப்பா இறந்த செய்தி கேட்டு வந்து, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஏன்னு நீங்களாவது சொல்லுங்களேன் அக்கா” என்று கேட்டேன்.

“தெரியலைம்மா. தெரிஞ்ச மாதிரி பேச எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கும் வர்றேன்” என்றார்.

வந்தார்.

வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்த யோபுவின் நண்பர்களும் முதலில் அப்படித்தான் இருந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்ததும் அந்த விளக்கங்களின் மேல்தான். யோபு புலம்பினார், வழக்காடினார், தான் பிறந்த நாளைச் சபித்தார். ஆனாலும் என்னைக் குறித்து சரியாய்ப் பேசியவன் அவன்தான் என்று கர்த்தர் சொன்னார். இன்னொன்றும் உண்டு. யோபுவைச் சோதிக்கச் சாத்தான் பரலோகத்தில் அனுமதி பெற்றது, முதல் இரண்டு அதிகாரங்களை வாசிக்கிற நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. கர்த்தர் அவரோடு நான்கு அதிகாரம் பேசுகிறார், பூமியின் அஸ்திபாரம், கடல், நட்சத்திரங்கள், வரையாடு, கழுகு என்று எத்தனையோ பேசுகிறார், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. இருந்தும் யோபுவுக்கு அது போதுமானதாக இருந்தது. கர்த்தர் தன்னிடம் பேசினார் என்பதே போதும் என்று ஆகிவிட்டது போலிருக்கிறது. இதை நான் எத்தனை முறை வாசித்தாலும் முழுதாகப் புரிவதில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்களை நிலைநிறுத்தியது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29ஆம் அதிகாரம். 11ஆம் வசனம் சுவர் காலண்டர்களில் எல்லாம் இருப்பதுதான்: உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை. வந்த புதிதில் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தபோதுதான் அது புலம்பெயர்ந்தவர்களுக்கு எழுதிய கடிதம் என்பது உறைத்தது. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் மட்டும் அல்ல, தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். கைத்தொழில் தெரிந்தவர்கள். தங்கள் சாமர்த்தியம் அந்நிய ராஜாவுக்குத் தேவைப்பட்டதால் ஊரை விட்டுப் போக நேர்ந்தவர்கள்.

அவர்களைக் குறித்து எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி இனிப்பான செய்தி சொன்னான்: இரண்டே வருடம், எல்லாம் திரும்பி வந்துவிடும். எரேமியா எழுதியது எழுபது வருடம். அதாவது 11ஆம் வசனத்தின் வாக்குத்தத்தத்தை முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் அது நிறைவேறுவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். இது தெரிந்த பிறகு அந்த வசனம் எனக்குச் சிறியதாகவில்லை. என் ஆயுசுக்குள் கணக்கு முடிந்தால்தான் தேவன் நல்லவர் என்ற கட்டாயத்திலிருந்து அது என்னை விடுவித்தது.

எழுபது வருடம் என்று சொன்னதோடு கடிதம் நிற்கவில்லை. வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. தங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக! பாபிலோனில் இருந்த செமாயா என்பவன் கோபப்பட்டு, எரேமியாவைக் காவலில் போடச் சொல்லி எருசலேமுக்கே பதில் கடிதம் எழுதினான். அவன் கோபம் எனக்குப் புரிகிறது. நீண்ட நாள் இருக்கப்போகிறாய், குடியிரு என்று கேட்பது இன்பமான வார்த்தை அல்ல.

ஏன் வந்தோம் என்பதற்கு விடை தெரியாமலேயே இங்கே குடியிருப்பது என்று அப்புறம்தான் முடிவு செய்தோம். கணவர் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குப் போனார். நான் தேர்வுக்குப் படித்தேன். அதுவரை பெட்டியிலேயே வைத்திருந்த புத்தகங்களை எடுத்து அடுக்கினேன். எங்கள் குடும்ப ஜெபத்தில் இந்த நகரத்தின் பெயர் வந்தது. பஸ் ஓட்டுகிறவர்கள், மேல் வீட்டில் தனியாக இருந்த முதியவர், எங்களுக்கு வேலை இல்லை என்று சொன்ன அந்த நிறுவனத்தில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அந்தக் கடைசி ஜெபம் மட்டும் ஆரம்பத்தில் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. கணவர்தான் சொல்வார், நான் ஆமென் மட்டும் சொல்வேன்.

இப்போது கணவர் அவருடைய துறையிலேயே வேலையில் இருக்கிறார். நானும் தேர்வில் தேறிவிட்டேன். “பார்த்தீர்களா, இதற்காகத்தான் அப்படி நடந்தது” என்று சிலர் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். வேலை கிடைத்ததற்கு ஆயிரம் முறை ஸ்தோத்திரம். ஆனால் வேலையை அப்பாவுக்கு ஈடாகத் தராசில் வைக்க என்னால் முடியாது. யோபுவுக்கு ஆடுமாடுகள் இரண்டத்தனையாகக் கிடைத்தன, வேறு பத்துப் பிள்ளைகளும் பிறந்தார்கள். போன பத்துப் பிள்ளைகள் திரும்பி வந்ததாக வேதம் சொல்லவில்லை.

தானியேலையும் அடிக்கடி நினைக்கிறேன். வாலிபனாகப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர், அந்த நாட்டின் அரசு வேலையிலேயே முதியவரானார். எருசலேமுக்கு நேராக ஜன்னலைத் திறந்துவைத்துத் தினமும் மூன்று வேளை ஜெபித்தார். எரேமியா சொன்ன எழுபது வருடத்தைப் புத்தகத்தில் வாசித்து உபவாசமிருந்து மன்றாடினார். ஜனங்கள் திரும்பிப் போகும் காலமும் வந்தது. தானியேல் திரும்பிப் போனார் என்று எங்கேயும் எழுதப்படவில்லை.

விசா வந்த பிறகு போய் அப்பாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏன் அந்த நாளில், ஏன் நான் இல்லாதபோது என்று இன்றைக்கும் ஜெபத்தில் கேட்கிறேன். பதில் வரவில்லை. கர்த்தரிடம்தான் கேட்கிறேன், வேறு யாரிடமும் போய்க் கேட்கத் தோன்றவில்லை.