பார்த்தவர்கள் பட்டியல்

ஃபிளக்ஸ் பேனரில் தாய்மாமன் தலை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஒட்டன்சத்திரத்தில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் பதினோரு ஆண்டுகள் கணினி முன்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன். காதணி விழா என்றால் குழந்தையின் படத்துக்கு அடுத்த பெரிய தலை தாய்மாமனுடையது. சித்தப்பா தலை அதைவிட ஒரு சுற்று சிறியதாக இருக்க வேண்டும். கீழே நண்பர்கள் வரிசையாக, பாஸ்போர்ட் அளவில். அந்த வரிசையில் ஒருவர் படம் விட்டுப்போனால் அவர் விழாவுக்கு வரமாட்டார், அவருடைய மொய்யும் வராது. ஒருமுறை இரண்டு மாமன்களில் ஒருவருக்கு மட்டும் கூலிங்கிளாஸ் போட்ட படத்தை வைத்துவிட்டேன். இன்னொரு மாமன் முகம் சுருங்கியதில், இரவு பதினொரு மணிக்குக் கடையைத் திறந்து, முதலாளி அண்ணன் கைக்காசில் எட்டுக்கு ஆறு பேனரை மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

"இந்த ஜனங்களுக்கு விளம்பரப் பைத்தியம் பிடித்துவிட்டது, எல்லாருக்கும் இணையத்தில் பிரபலமாக வேண்டும்" என்று படித்தவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூலிங்கிளாஸ்தான் நினைவுக்கு வரும். அந்த மாமனுக்கு ஊர் உலகம் பார்க்க வேண்டும் என்ற ஆசை துளியும் கிடையாது. இன்னொரு மாமன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பேனர் கொடுக்க வருகிறவர்கள் விலை பேசி முடித்ததும் எங்கே கட்டுவது என்ற பேச்சுக்கு வருவார்கள். எங்கள் ஊர்க் காய்கறி மார்க்கெட் பெரியது. இங்கிருந்து லாரி லாரியாகக் காய் கேரளத்துக்குப் போகிறது. பஸ் நிலையத்தில் கட்டினால் நாளெல்லாம் கூட்டம் பார்க்கும். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் அங்கே வேண்டாம் என்பார்கள். "எங்கள் ஊர் ஆலமரத்துக்கு எதிரில் கட்டச் சொல்லுங்கள் தம்பி, அங்கேதான் எல்லாரும் பஸ் ஏறுவார்கள்." அந்த 'எல்லாரும்' என்பது எண்ணிப் பார்த்தால் நூற்றைம்பது பேர் தேறும். நாம் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று சொல்கிற அந்த நாலு பேர்தான் பேனரின் பார்வையாளர்கள். விழா முடிந்த மறுநாள் அவர்களே கயிற்றை அறுத்து, ஃபிளக்ஸை மடித்து எடுத்துப் போவார்கள். மழைக்காலத்தில் அது மாட்டுக்கொட்டகைக்குக் கூரை. மாட்டுக்கு மேலே மாமன் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. அடுத்த பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வந்தது, இருபத்து நான்கு மணி நேரம் இருந்துவிட்டுத் தானே மறைகிற வசதியோடு. எங்கள் தொழிலுக்கு அதனால் ஆபத்து வரும் என்று அப்போது தோன்றவில்லை. ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சட்டவிரோதமாகக் கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் சாலையில் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. கட்சிகள் இனிப் பேனர் வைக்க மாட்டோம் என்றன. எங்கள் கடையில் இயந்திரம் பாதி நாள் சும்மா கிடந்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் இதைப் புகாராகச் சொல்ல வாய் வராது. அண்ணன் மட்டும் ஒருநாள், "நாம் அடித்தது எத்தனை அனுமதி வாங்கிக் கட்டியது என்று நமக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் ஸ்டேட்டஸ் வீடியோ செய்து கொடுக்கத் தொடங்கினோம். முப்பது நொடி, பின்னணியில் பாட்டு, பூ கொட்டும், பெயர் மின்னும். நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த வேலையில்தான்.

மண்டியில் வெங்காயம் தரம் பிரிக்கிற ஓர் அக்கா. அவருடைய மகள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அங்கியும் தொப்பியும் போட்ட படத்தைக் கொடுத்து ஸ்டேட்டஸ் செய்து வாங்கிப் போனார். மறுநாள் மாலை மறுபடி வந்தார். ஏதோ எழுத்துப் பிழை போலிருக்கிறது என்று பயந்தேன். போனை என் முன்னால் நீட்டினார். யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் திறந்திருந்தது. மொத்தம் 68 பேர். அவர் அந்த எண்ணைக் கவனிக்கவே இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒரு பெயரில் நிறுத்தினார். "என் நாத்தனார். நேற்று ராத்திரி ஒன்பதேகாலுக்குப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாருங்கள்." சொல்லும்போது முகத்தில் கோபம் இல்லை. திருப்தி வழிந்தது. பெண்ணைப் படிக்க வைக்காதே என்று சொன்னவர் அந்த நாத்தனார்தானாம்.

அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன். யூடியூபிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் கிடைக்கும். ஸ்டேட்டஸில் பெயர்கள் கிடைக்கும், நேரத்தோடு. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் மயங்காமல் அந்தப் பட்டியலில் கிடந்தார்கள். வானொலிக் காலத்தில் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டுத் தன் பெயரும் ஊர்ப் பெயரும் வருகிறதா என்று காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. என் அப்பா அதில் ஒருவர். அந்தப் பெயர் எத்தனை லட்சம் காதில் விழுந்தது என்று அவர் யோசித்ததே இல்லை. டீக்கடையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை இன்றைக்கும் சொல்வார்.

பிரபலமாக ஆசைப்பட்டவர்களே கிடையாது என்று சொல்லவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு பையன் டிக்டாக்கில் இருந்தான். தோளில் மூட்டையோடு நடந்துகொண்டே வசனம் பேசுவான். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தபோது சாப்பாடு இறங்காமல் திரிந்தான். அந்த மாதமே தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது அது நிரந்தரமாகப் போயிற்று. இன்ஸ்டாகிராமுக்கு மாறிக்கொள்ளேன் என்றேன், மாறினான், இரண்டே மாதத்தில் விட்டுவிட்டான். கேட்டதற்கு, "அங்கே பொள்ளாச்சியிலும் தேனியிலும் மூட்டை தூக்குகிறவர்கள் என் வீடியோவுக்குப் பக்கத்தில் தங்கள் வீடியோவைச் சேர்த்து டூயட் போடுவார்கள் அண்ணே. இங்கே எல்லாம் கார் வைத்திருக்கிறவர்கள்" என்றான். பதினெட்டாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். அவன் தேடியது அதில் ஒரு முப்பது பேரை.

பிறகு ஒரு கொத்தனார். வீடு கட்டுவது பற்றி யூடியூபில் சேனல் தொடங்கி, வாரம் ஒரு முகப்புப் படம் என்னிடம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் சேனல் தொடங்குகிற எல்லாரும் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துக்காரர்களைச் சொல்வார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் ஆகியிருந்தது. அவர்களைப் பார்த்து வந்தவர்களுக்காக நான் எத்தனை முகப்புப் படம் செய்தேன்! ஒரு பெரியவர், ஓர் அண்டா, பின்னால் தென்னை. கொத்தனார் அந்த ரகம் இல்லை. அவர் கணக்கு பார்க்கிறவர். விளம்பர வருமானம் வேண்டுமானால் ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018-ல் வந்த விதி. நாலாயிரம் மணி என்றால் 2,40,000 நிமிடம், ஒருவர் மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 தடவை பார்க்க வேண்டும் என்று என் மேஜையில் கிடந்த ரசீதின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். "இதற்கு ஒரு மாடி வீடு கட்டிவிடலாம் தம்பி." 612 சந்தாதாரர்களோடு நிறுத்திக்கொண்டார். வீடியோ பார்த்து இரண்டு பேர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு வீட்டையும் கட்டி முடித்தார். அவரைப் பொறுத்தவரை சேனல் வெற்றி.

எனக்கு வயிற்றைக் கலக்கிய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்கு நடந்து போகிற பக்தர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். சாலையோரம் ஓர் அம்மா கம்மங்கூழ் விற்பார். வெளியூர்க்காரர் ஒருவர் கேமராவோடு வந்து, கூழ் குடித்து, பேச்சுக் கொடுத்து, அந்த அம்மா கணவனைப் பற்றி வாய்தவறிச் சொன்னதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடியோவின் தலைப்பில் 'கணவன் கைவிட்ட' என்று பெரிய மஞ்சள் எழுத்து. நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். கூட்டம் வந்தது, வியாபாரமும் கூடியது. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா எங்கள் கடைப் படியேறினார். பள்ளிக்கூடத்தில் மகனை அந்தத் தலைப்பை வைத்தே கூப்பிடுகிறார்களாம்.

"தம்பி, இதை எப்படி இறக்குவது?"

பேனரை இறக்குவது போல இறக்க முடியும் என்று நினைத்து, பேனர் கடைக்கே வந்திருக்கிறார். புகார் பொத்தானை அழுத்தினோம். வீடியோ போட்டவருக்கு எழுதினோம். "உங்களுக்கு நல்லதுதானே செய்தேன்" என்று பதில் வந்தது. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. கூழ்ப்பானைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் எத்தனை படி ஏற வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் கெஞ்சிய பிறகு வீடியோ போட்டவர் அதை எடுத்துவிட்டார். அதற்குள் வேறு மூன்று பேர் வெட்டி ஒட்டி ஏற்றியிருந்தார்கள். "பேனராக இருந்தால் கதிர் அரிவாளால் நானே கயிற்றை அறுத்திருப்பேன்" என்றார் அந்த அம்மா. அடுத்த தைப்பூசத்துக்கு வேறு இடத்தில், முந்தானையால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்.

நல்லதாக முடிந்த கதைகளும் உண்டு. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019-ல் நாடே பார்த்தது. எரிவாயு அடுப்பு வந்தது, பிறகு ஆனந்த் மகிந்திரா வீடும் கட்டிக் கொடுத்தார். அந்தப் பாட்டி இட்லி விலையை ஏற்றாமல் இருந்ததைத்தான் நான் வியக்கிறேன். டெல்லி மாளவியா நகரில் 2020-ல் ஒரு தள்ளாத தம்பதியின் சாப்பாட்டுக் கடை ஒரே வீடியோவில் புகழ் பெற்று, உணவகம் திறந்து, சில மாதங்களில் மூடி, பழைய கடைக்கே திரும்பியது. புகழ் வந்து போன பிறகு திரும்ப ஒரு கடை மிச்சமிருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரை மட்டும் அளந்தவன் ஆகிவிடுவேன். பழைய மங்கிய படத்தை ஃபோட்டோஷாப்பில் தெளிவாக்குவது எப்படி என்று ஒரு வீடியோ போட்டேன். என்ன காரணமோ, ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து எண்ணைப் பார்த்தேன். மூன்று மணிக்கு மறுபடி. கனவில் எண் ஓடியது. ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தலைக்கேறியிருந்தது. எட்டாம் நாள் எண் நின்றது. அடுத்து போட்ட வீடியோவை 90 பேர் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியதுபோல இருந்தது. என் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பாவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "இதில் உன் பெயர் எங்கேயும் வரவில்லையே" என்றார்.

கடையை விட்டு வருவதற்கு முந்தைய ஆண்டு, மண்டியில் கணக்கெழுதிய ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயதிருக்கும். தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேர்வு செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்தார். "பிள்ளைகள் அவசரத்தில் ஆதார் அட்டைப் படத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன்." ஆறு படம் கொண்டுவந்திருந்தார். மூக்குக் கண்ணாடி இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். எங்கெங்கே ஒட்ட வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்: மண்டி வாசல், பஸ் நிலையம், தங்கை கட்டிக்கொடுத்த ஊர், அரசப்பிள்ளைபட்டிப் பிரிவில் ஒரு டீக்கடைச் சுவர். ஃபேஸ்புக்கிலும் போடச் சொல்லலாமே ஐயா, வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்களே என்றேன். "வெளிநாட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்றார். டீக்கடைச் சுவர் எதற்கு என்று கேட்டேன். அங்கே ஒருவனுக்குப் பணம் தர வேண்டியிருந்ததாம், தந்துவிட்டாராம், அவன் இன்னும் தரவில்லை என்றே சொல்லித் திரிகிறானாம். "செத்த பிறகு என் முகத்தைப் பார்த்தால் ஒருவேளை கூசுவான்."

ஒன்பது மாதம் கழித்து அந்தப் படத்துக்கு வேலை வந்தது. வடிவமைப்பை முடித்துத் திண்டுக்கல்லுக்கு அச்சுக்கு அனுப்பினோம். சீட்டில் இருந்த எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் மண்டி வாசல் வழியாக வந்தபோது, ஓர் ஆடு சுவரில் முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்று, பேரன் பேத்திகள் பெயர் வரிசையைத் தின்றுகொண்டிருந்தது. மைதாப் பசை ஆடுகளுக்குப் பிடிக்கும். சுமைக்காரப் பையன் ஒருவன் விரட்டப் போனான்.

"விடப்பா," என்றார் எதிர்க்கடைக்காரர். "துக்கத்துக்கு வர வேண்டியவர்கள் வந்துவிட்டுப் போயாயிற்று."