ஏழு வெள்ளிக்கிழமைகளுக்கு ஓர் அட்டவணை

2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்திய மகளிர் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்ற செய்தியைப் பார்த்தபோதுதான், மெல்பர்னில் எங்கள் தெருமுனையில் முதியவர்கள் வெள்ளை உடையணிந்து உருட்டிக்கொண்டிருந்ததும் அதே லான் பௌல்ஸ்தான் என்பது எனக்கு உறைத்தது. அடுத்து வந்த கோடையிலேயே அங்கே உறுப்பினராகச் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகளில், புதிய போட்டி ஒன்றை உருவாக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட, நானே இழுத்து விட்டுக்கொண்டேன் என்பதே சரி.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக் எனப்படும் சிறிய பந்தை முதலில் உருட்டிவிட்டு, அதற்கு மிக அருகில் நம் பந்துகளைக் கொண்டுசேர்க்க வேண்டும். பந்து முழு உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சற்று வேறு வளைவில் கடையப்பட்டிருப்பதால், வேகம் குறையக் குறைய அது வளைந்து செல்லும். சிறு வயதில் கோலிக்குண்டு ஆடிய திமிரோடு போன எனக்கு இதைப் பழகவே மூன்று மாதம் பிடித்தது. எல்லாப் பந்துகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் ஓர் எண்டு முடிந்தது. இருவர் அணியில் முதலில் உருட்டுபவர் லீட். ஜாக்கின் அருகே நின்று, எந்தப் பக்கமாக, எவ்வளவு தூரம் என்று கைகாட்டி வழிநடத்தி, அதன் பிறகு தாமும் உருட்டுபவர் ஸ்கிப்.

எங்கள் கிளப்பின் ஒற்றையர் சாம்பியன் போட்டி, வழக்கப்படி யார் முதலில் 21 ஷாட் எடுக்கிறார் என்பதுதான்; எதிராளியின் பந்தைவிட ஜாக்கிற்கு அருகில் நிற்கும் ஒவ்வொரு பந்தும் ஒரு ஷாட். முதல் சுற்றிலேயே முன்னாள் சாம்பியன் ஒருவரிடம் 21-4 என்று தோற்றேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; அந்தப் பருவத்துக்கான என் போட்டி அத்தோடு முடிந்தது. பெனன்ட் எனப்படும், கிளப்புகளுக்கு இடையிலான சனிக்கிழமை அணி ஆட்டங்களிலோ புதியவர்கள் என்றைக்கும் லீட் மட்டுமே. ஜாக்கைச் சுற்றிப் பந்துகள் எப்படிக் கிடக்கின்றன, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் வேலை அவர்களுக்கு வருவதே இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த அக்டோபரில் திரும்பி வரவில்லை.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் திட்டம் இதுதான்: அனுபவமுள்ளவர் எட்டுப்பேர், புதியவர் எட்டுப்பேர், ஒவ்வொரு வாரமும் ஒரு மூத்தவரும் ஒரு புதியவரும் ஓர் அணி, வாரந்தோறும் துணை மாறும், புள்ளிகள் அணிக்கல்ல, ஆளுக்கு. அதில் ஒரு நிபந்தனையையும் சேர்த்திருந்தேன்: பாதி ஆட்டத்துக்குப் புதியவரே ஸ்கிப்.

போட்டிக்குழுவில் மற்றவை எல்லாம் பத்து நிமிடத்தில் நிறைவேறின. அந்த ஒரு வரிக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. முப்பது ஆண்டுகளாக ஆடிவரும் ஒருவர், நேற்று வந்தவரின் கைகாட்டலுக்கு நான் உருட்டுவதா என்று நேரடியாகவே கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் இது இன்னொரு பெனன்ட்டாகத்தான் இருக்கும். கடைசியில், ஒரு பருவத்துக்கு மட்டும் சோதனை என்று குறித்துக்கொண்டு அனுமதித்தார்கள்.

அடுத்தது நேரக்கணக்கு. ஆளுக்கு நான்கு பந்து என்றால் ஓர் எண்டுக்குப் பதினாறு பந்து. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் ஓர் எண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஆனது. நான் முதலில் எழுதியிருந்த 18 எண்டுகளை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டே முக்காலுக்குத்தான் முடியும். நவம்பர் தொடக்கத்தில் மெல்பர்னில் எட்டு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஆகவே 12 எண்டாகக் குறைத்தோம். மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய வாரத்தில் பாதிப்பேர் ஊரில் இருக்கமாட்டார்கள் என்பதால், அதற்கு அடுத்த வெள்ளியிலிருந்து தொடங்கும்படி நாள் குறித்தோம். மழையால் ஆட்டம் நின்றால், ஆறு எண்டு முடிந்திருந்தால் அந்தக் கணக்கே செல்லும் என்று எழுதினேன். அப்படியானால் மழை வந்த வாரத்தில் புதியவர் ஸ்கிப்பாக ஆடவே மாட்டார் அல்லவா என்று செயலாளர் சுட்டிக்காட்டிய பிறகு, மூன்று எண்டுக்கு ஒருமுறை இடம் மாறுவது என்று திருத்தினோம்.

பெரிய தவறு அட்டவணையில் நேர்ந்தது. மூத்தவர்களை அப்படியே நிறுத்தி, புதியவர்களை வாரம் ஓர் இடம் நகர்த்தினேன்; எட்டு வாரத்தில் ஒவ்வொரு புதியவரும் ஒவ்வொரு மூத்தவரோடும் ஆடிவிடுவார் என்று பெருமிதத்தோடு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டேன். மறுநாள் மூத்தவர் ஒருவர் என்னைப் பலகைக்கு அழைத்துச் சென்று, தம் பெயர் இருந்த வரிசையில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். எட்டு வாரமும் அவருக்கு எதிரே ஒரே மூத்தவர். அதுவும் ஒரே ரிங்க்கில், அதாவது புல்வெளியின் ஒரே ஆடுபாதையில்! துணையை மட்டும் பார்த்த நான் எதிரியைப் பார்க்கவில்லை.

ஒருவரை நிலையாக வைத்து மற்ற ஏழுபேரைச் சுழற்றும் பழைய முறையை மூத்தவர்களுக்குப் பயன்படுத்தினால், ஏழு சுற்றில் ஒவ்வொருவரும் மற்றெல்லோரையும் ஒருமுறை சந்தித்துவிடுவார்கள். எனவே போட்டி எட்டு வாரத்திலிருந்து ஏழாகச் சுருங்கியது. ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு மூத்தவர் துணையாகக் கிடைக்காமல் போனார். புதியவர்களில் சிலர் இருமுறை மோத நேர்ந்தது. அதைச் சரிசெய்ய இரண்டு இரவுகள் முயன்றுவிட்டு விட்டுவிட்டேன்.

வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. புள்ளிகள் சமமானால் ஷாட் வித்தியாசம். ஆனால் ஓர் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் கணக்கில் சேராது. ஒரு வாரம் எதிரணி நிலைகுலைந்து போனதால் ஒருவருக்கு 19 ஷாட் வித்தியாசம் கிடைத்தது. இந்த வரம்பு இல்லாவிட்டால் அந்த ஒரு மாலையே கோப்பையைத் தீர்மானித்திருக்கும்.

நான்காவது வாரம், குழுவில் எதிர்த்துப் பேசிய அதே மூத்தவருக்கு, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் துணையாக வந்தார். நான் பக்கத்து ரிங்க்கில் இருந்தேன். அந்த எண்டில் செவிலியரே ஸ்கிப். எதிரணியின் பந்து ஜாக்கிற்குச் சற்று முன்னால் வழியை மறித்துக் கிடந்தது. மூத்தவர் அதை வேகமாக அடித்து விலக்க விரும்பிக் கையை உயர்த்திக் காட்டினார். அந்த அம்மாளோ தலையசைத்து மறுத்துவிட்டு, இடப்பக்கமாக வளைந்து வரும்படி புல்லின் மேல் ஓர் இடத்தைப் பாதத்தால் தொட்டுக் காட்டினார். மூத்தவர், பந்தை உருட்ட நிற்கும் சிறு பாயின் மேல் சற்று நேரம் அசையாமல் நின்றார். பிறகு உருட்டினார். பந்து அகலமாகப் போய், கடைசி இரண்டு மீட்டரில் சாய்ந்து உள்ளே திரும்பி, ஜாக்கின் பின்புறம் வந்து நின்றது. நாடா வைத்து அளந்தார்கள். ஒரு விரல் அகல வித்தியாசத்தில் ஷாட் இவர்களுடையது.

அவர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த எண்டில் பந்தைக் கையில் எடுத்ததும், எந்தப் பக்கம் என்று மறுமுனையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

சோதனை என்ற சொல்லை இந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். இதுவரை புதியவர் 13 பேரும் மூத்தவர் 9 பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; வாரந்தோறும் இரண்டு அணிகளில் இரண்டு பேருமே புதியவராக இருக்கும்படி ஆகிறது. அந்த இரண்டு அணிகளையும் ஒன்றோடொன்று மோதவிடுவதா, பிரித்து வைப்பதா என்று கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.