மனத்தைப் படிப்பதற்கு என்ன விலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை இரவு என்பதால் அந்த நேரம்தான் எல்லோருக்கும் ஒத்துவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி நகர்த்தும் கதைவிளையாட்டு. அதற்கு நான் எழுதிய சயானிக் கிளாஸை, அதாவது மனசக்தியால் இயங்கும் பாத்திர வகையை, முதன்முறையாக நான்கு பேர் விளையாடிப் பார்க்கிறார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். கதை எளிமையானது. ஒரு வணிகர் வீட்டில் கொலை, வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர், செய்தது யார்? கதையை நடத்திச்செல்லும் கேம் மாஸ்டர் மூன்று மணி நேரத்துக்குத் தயாரித்து வந்திருந்தார். வீட்டின் வரைபடம், பாதி எரிந்த கடிதம், பொய் சொல்லும் சமையற்காரர் என்று எல்லாம் இருந்தது.

என் கிளாஸை எடுத்திருந்தவர் ஆறு பேரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் மனத்தையும் படித்தார். நாலாவது ஆளிடம் கொலை கிடைத்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு நிமிடம். கேம் மாஸ்டர் கோபப்படவில்லை. "சரி, இனி என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

(கேம் மாஸ்டரை 'நடத்துநர்' என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் விசிலும் டிக்கெட்டும் கண்முன் வந்துவிடுகின்றன. ஆகவே கேம் மாஸ்டர்.)

வேலை எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஒரு சிறிய பதிப்பகம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளை அடிப்படையாக வைத்து ஒரு புத்தகம் போடத் திட்டமிட்டது. அந்த அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தபிறகு, யார் வேண்டுமானாலும் அவற்றின்மேல் கட்டிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. மனசக்தியால் இயங்கும் ஒரு கிளாஸ் வேண்டும் என்றார்கள். ஆறாயிரம் சொல், சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. இந்தத் தொழிலில் கூலி பெரும்பாலும் சொல் கணக்குதான். விதி எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது, ஆனால் சுருக்கச் சுருக்கக் கூலி குறையும். இந்தக் கூத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒப்புக்கொண்டபோது எனக்கு இருந்த தைரியத்துக்குக் காரணம் அறியாமை. உட்கார்ந்து பழைய விதிகளைப் புரட்டியபோதுதான், ஐம்பது வருடமாக இந்த ஒரு கிளாஸ்தான் வடிவமைப்பாளர்களின் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சயானிக்ஸ் நுழைந்தது 1976இல், ஒரு துணைநூல் வழியாக. 1978இல் வந்த விதிகளில் அது தனிக் கிளாஸாகக்கூட இல்லை, பின்னிணைப்பில் கிடந்தது. பாத்திரத்தின் அறிவு, ஞானம், கவர்ச்சி மதிப்பெண்கள் மூன்றில் ஒன்றாவது 16க்குக் குறையாமல் இருந்தால் டைஸ் உருட்டிப் பார்க்கலாம். அடிப்படை வாய்ப்பு நூற்றில் ஒன்று. விழுந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்கு இல்லாத ஒரு சக்திக் குவியல் சும்மா கிடைத்துவிடும். லாட்டரிதான். 1991இல் தனிக் கிளாஸ் ஆக்கினார்கள். 2001இலும் 2004இலும் திருத்தினார்கள். ஐந்தாம் பதிப்புக்காக 2017இல் 'மிஸ்டிக்' என்ற கிளாஸைச் சோதனைக்கு விட்டு, கடைசியில் கைவிட்டு, 2020இல் திருடன், போர்வீரன் போன்ற பழைய கிளாஸ்களின் உட்பிரிவுகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய கம்பெனியே பின்வாங்கிய இடம். நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து முன்னேறிக்கொண்டிருந்தேன்.

என் முதல் வரைவு புள்ளிக் கணக்கு. பாத்திரம் வளர்ந்து ஐந்தாவது லெவலை எட்டும்போது, சக்திகளுக்குச் செலவழிக்க 20 புள்ளி. 5 புள்ளி கொடுத்தால் ஆறு டைஸ் உருட்டி, வரும் மொத்தம் எதிரிக்குச் சேதம், சராசரி 21. ட்ரோல் என்ற அரக்கனின் உயிர்ப்புள்ளி சராசரியாக 84. ஆக, நாலு அடியில் ட்ரோல் விழும், கையிருப்பும் தீரும். காகிதத்தில் எவ்வளவு அழகு! சோதனையில் ஒருவர் இருபது புள்ளியையும் ஒரே அடியில் கொட்டினார். இருபத்துநாலு டைஸ். ட்ரோல் தரையில். (நெருப்போ அமிலமோ படாவிட்டால் அது மறுபடி எழுந்துவிடும் என்பது வேறு விஷயம்.) ஒரு முறைக்கு லெவலுக்கு மேல் புள்ளி போடக்கூடாது என்று நான் எழுதித்தான் இருந்தேன். மூன்றாம் பக்கத்தில், நீளமான ஒரு பத்தியின் கடைசி வாக்கியமாக. நான்கு பேரில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. 2004 விதிகளிலும் இதே உச்சவரம்பு உண்டு. அதைக் கவனிக்காமல் விளையாடிவிட்டு சயானிக்ஸ் அளவுமீறிய பலம் என்று புலம்பியவர்கள் ஏராளம் என்று பின்னால் அறிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் படிக்கப்படாத விதியை எழுதியவன் நான்தான். அடுத்த வரைவில் அந்த வரம்பை ஒவ்வொரு சக்தியின் விலைக்குப் பக்கத்திலேயே எழுதினேன்.

அப்படியும் சிக்கல் தீரவில்லை. ஐந்தாம் பதிப்பின் 2014 நூல், கதையின் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டுச் சண்டை வரும் என்று எடுத்துக்கொண்டது. நான் பார்த்த மேசைகளில் ஒரு நாளுக்கு ஒரு சண்டை வந்தாலே பெரிது. எட்டுக்குப் பிரித்து வைத்த சாப்பாட்டை ஒரே வேளையில் தின்னலாம் என்றால் யார்தான் சேமிப்பார்கள்?

புள்ளியைத் தூக்கிவிட்டுச் சுருங்கும் டைஸுக்குப் போனேன். எட்டுப் பக்க டைஸில் தொடங்கி, உச்ச எண் விழும்போதெல்லாம் ஆறு பக்கம், நாலு பக்கம் என்று இறங்கி, பிறகு காலி. இதுவும் என் கண்டுபிடிப்பல்ல, 2020 சோதனை ஒன்றில் இதைப் போன்ற டைஸ் இருந்தது. சராசரியாக 18 உருட்டல் தாங்கும்: எட்டும் ஆறும் நாலும். சராசரி என்பது பொய் சொல்லாத பொய்யன். ஒருவருக்கு ஐந்தாவது உருட்டலிலேயே தீர்ந்துபோய் மீதி மாலை முழுக்க வேடிக்கை பார்த்தார். இன்னொருவருக்குத் தீரவே இல்லை. 1978 லாட்டரியைச் சுற்றிவளைத்து மறுபடி கண்டுபிடித்திருந்தேன். கடைசியில் மரியாதையாகப் புள்ளிக்கே திரும்பினேன். இந்தமுறை குறைந்த புள்ளி, கதைக்குள் பாத்திரம் எடுக்கும் ஒவ்வொரு சிறு ஓய்விலும் திரும்பக் கிடைக்கும்படி.

சேதக் கணக்கு எப்படியோ ஓர் இடத்தில் நிற்கும். எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த எட்டு நிமிடம்தான் என்னை விடவில்லை. மனத்தைப் படிப்பதற்கு ஒரு புள்ளி வைத்தாலும் பத்துப் புள்ளி வைத்தாலும் கொலைகாரன் எட்டு நிமிடத்தில்தான் மாட்டுவான். மந்திரவாதிக்கும் மூன்றாவது லெவலிலேயே எண்ணங்களை அறியும் மந்திரம் உண்டே என்று பதிப்பாசிரியர் கேட்டார். உண்டு. அவனுக்கு அது இருபது வித்தைகளில் ஒன்று. என் கிளாஸுக்கு அதுதான் பிழைப்பு. படிக்க விடாமல் தடுத்தால் கிளாஸ் செத்துப்போகும், தாராளமாக விட்டால் கதை செத்துப்போகும்.

விடை சாப்பாட்டு மேசையில் கிடைத்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். இல்லை, ஏழாவது வரைவில், எரிச்சலில் கிடைத்தது. படிப்பவருக்குப் பதில் கிடைக்காது, அந்த நொடியில் அந்த மனத்தின் மேல்பரப்பில் மிதக்கும் ஒரே ஒரு காட்சியோ வாசனையோ சொல்லோதான் கிடைக்கும். அதோடு, படிக்கப்படுபவருக்கும் படிப்பவரின் ஒரு நினைவு போய்ச்சேரும். அந்த நினைவு என்ன என்பதை விளையாடுபவர் அங்கேயே இட்டுக்கட்டி, மேசையில் எல்லோரும் கேட்கச் சொல்லவேண்டும். இத்தனை மாதம் நான் விலையைப் புள்ளியில் தேடிக்கொண்டிருந்தேன். ரகசியத்துக்கு விலை ரகசியம்.

மனத்தை ஆட்டுவிக்கும் சக்திகளில் ஒரு முடிவு சுலபமாக எடுத்தேன். சக விளையாட்டாளரின் பாத்திரம்மீது, அவர் சம்மதம் இல்லாமல் அவை செல்லாது. எதிரியை ஆட்டிவைப்பது வேடிக்கை. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் கையிலிருந்து அவருடைய பாத்திரத்தைப் பிடுங்குவது வேறு. சங்கடமான காட்சி வந்தால் தொட்டு நிறுத்த உதவும் எக்ஸ் கார்டு 2013 முதல் மேசைகளில் இருக்கிறது. ஆனாலும் பிரேக் இருக்கிறது என்பதற்காக வண்டியைச் சுவரை நோக்கி ஓட்டவேண்டியதில்லை.

முடித்தபோது கைப்பிரதி நாலாயிரத்து இருநூறு சொல். ஒப்பந்தம் ஆறாயிரம். ஆயிரத்து எண்ணூறு சொல்லுக்கான பணத்தை நானே வெட்டி எறிந்திருந்தேன். கேட்டுப் பார்த்தேன். விதியின் தரத்தைப் புகழ்ந்து ஒரு நீண்ட மின்னஞ்சல் வந்தது. அதற்குச் சொல் கணக்கில் கூலி யார் வாங்கினாரோ. பணம் நாலாயிரத்து இருநூறுக்குத்தான்.

கடைசிச் சோதனைக்கு அதே கேம் மாஸ்டர், அதே கொலை, ஆனால் வேறு நான்கு பேர். இந்தமுறை கிளாஸை எடுத்த பெண் முதலில் சமையற்காரரைப் படித்தார். கிடைத்தது ரத்தம், ஈரமான இறகு. பதிலுக்குத் தன் பாத்திரத்தின் நினைவாக, பெயரை மாற்றிக்கொண்டு ஊரை விட்டு ஓடிய இரவைச் சொன்னார். பழைய பெயரும் வாய்தவறி வந்துவிட்டது. பிறகு மற்றவர்களைப் படிக்க அவருக்கு மனமில்லை. மூன்று மணி நேரமும் போதவில்லை. கடிதத்தைக் கண்டுபிடித்தார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், கடைசியில் சமையற்காரரைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைத்தார்கள். பாவம், அவர் அன்றைய விருந்துக்குக் கோழி அறுத்திருந்தார், அவ்வளவுதான். வண்டியில் ஏறும்போது அவர் திரும்பி அந்தப் பெண்ணை அவளுடைய பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.