மலப் பரிசோதனையில் புழு தப்பிப்போவது ஏன்?

ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குக் குடல் ஒட்டுண்ணி என்ற கேள்விக்கு விடை, மல மாதிரி எடுத்த விதத்தையும் பொறுத்தது. ஒரே மாதிரியைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஜியார்டியா என்ற ஒருகல ஒட்டுண்ணி தினமும் மலத்தில் வெளிவராது. 10 நாட்களுக்குள், வெவ்வேறு நாட்களில் 3 மாதிரிகள் வேண்டும்.

தண்ணீராகப் போகும் மலத்தை 30 நிமிடத்துக்குள் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பிந்தினால் அசையும் அமீபா சிதைந்துவிடும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வரும் போத்தலில் அதைத் தேடிப் பயனில்லை. வயிற்றோட்டக்காரர் ஆய்வுகூடத்துக்கே வந்து மாதிரி கொடுப்பதுதான் சரி. சூட்டில் நெடுநேரம் கிடந்தால் கொழுக்கிப்புழு முட்டை பொரித்து, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற வேறொரு குடல் புழுவின் குடம்பியோ (இளம்புழுவோ) என்று குழப்பும். சிறுநீர், தண்ணீர் கலக்கவே கூடாது.

கீரிப்பூச்சிக்கு மலம் பார்ப்பது பெரும்பாலும் வீண். காலையில் கழுவுமுன் ஆசனவாயைச் சுற்றி ஒட்டுநாடாவை ஒற்றி எடுங்கள்.

பெரிய கவலை ஸ்டீரொய்ட் மருந்துகள்தான். வெறுங்காலுடன் வயலில் நிற்பவருக்குப் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் தொடங்குமுன், மண்ணிலிருந்து தோல் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் நினைவுக்கு வரவேண்டும். அந்தப் புழு உடலுக்குள்ளேயே பெருகும். ஸ்டீரொய்டால் எதிர்ப்புச்சக்தி அடங்கினால் குடம்பிகள் நுரையீரல் வரை பரவி உயிரையே எடுக்கும். வழமையான ஒற்றை வேளைப் பூச்சி மருந்து, மெபெண்டசோல் 500 மில்லிகிராம், இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் முதல் தெரிவு.